கட்டத்துக்கு ஒரு பீற்றூட்

உரும்பிராய்க் கேதீஸ்வரி நடந்து போனதைக் கண்டவை ஊரிலை குறைவு. படலையாலை வெளிக்கிடேக்கையே மனுசி மோட்டார் சைக்கிளிலைதான். அதுவும் இந்தக் காலத்துப் பெட்டையள் ஓடுற ஸ்கூட்டி எண்டு நினையாதேங்கோ. யப்பானிலை தபால்காரர் ஓடிக் கழிச்ச சிவப்பு எம்டி நைன்ரி. பின்னுக்கு ரெண்டு பக்கமும் உரப்பை, மேலை ஒரு மரப்பெட்டி, பெட்டிக்கும் அவவுக்கும் நடுவிலை நெருக்குப்பட்டுக்கொண்டு புருசன் செல்வரட்ணம். அந்த மனிசனுக்கு ஓடத் தெரியாது, பழகவும் மாட்டன் எண்டிட்டார். ஆராவது பகிடி பண்ணினால், ஓடுற ஆள் றோட்டைத்தான் பாக்கலாம், பின்னுக்கு இருக்கிறவன் ஊர் முழுக்கப் பாக்கலாம் எண்டு சொல்லுவார்.

மூண்டு வருசத்துக்கு முன்னம் ஒரு வான்காரன் சிக்னல் போடாமல் திருப்பினதிலை கேதீஸ்வரியின்ரை இடது காலுக்குள்ளை தகடு வைக்கவேண்டி வந்தது. கால் பொருந்திச்சுது, கியர் போடுற அளவுக்குக் காணும். ஆனால் பாரம் தூக்கி நடக்கிற கால் இல்லை எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். "ஏறி இருந்தா ராசாத்தி, இறங்கினா நொண்டி" எண்டு தன்னைத்தானே சொல்லிச் சிரிக்கிறதும் அவதான். தகட்டை விட அவவுக்கு நொந்தது வேறை. ஆஸ்பத்திரிக்குப் பாக்க வந்த ஒவ்வொருத்தரும், மோட்டார் சைக்கிள்தானே, நீதான் பாத்து ஓடியிருக்க வேணும் எண்டு புத்தி சொல்லிப்போட்டுப் போச்சினம். இடிச்சவனைப் பாத்து ஆராவது "வான்தானே" எண்டு சொல்லிச்சினமோ? சொல்லாயினம்.

அவவின்ரை பிழைப்பு பனையடிச் சந்தையிலை. தோட்டத்துக் கத்தரிக்காய், பீற்றூட், வாழைப்பொத்தி எல்லாத்தையும் கட்டிக்கொண்டு போய்ச் சந்தை வாசலிலை நிப்பாட்டினால், யாவாரியள் அங்கையே வந்து நிறுத்து எடுப்பினம். அவ சீற்றை விட்டு இறங்கத் தேவையில்லை. செல்வரட்ணம் தூக்குவார்தான், ஆனால் ஒரு மூட்டை தூக்கினால் இடுப்பு நாரி பிடிச்சு ரெண்டு நாள் படுக்கிற ஆள். உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துத் தோட்டக்காரர் கனபேர் இப்பிடித்தான் மோட்டார் சைக்கிளிலை வந்து விக்கிறவை. கொழும்புத்துறையிலை இருந்து ஸ்கூட்டியிலை மீன்பெட்டி கட்டிக்கொண்டு வாற லூர்த்தம்மாவும் அப்பிடித்தான். சந்தைக்கு வாற சாமானிலை பாதிக்கு மேலை மோட்டார் சைக்கிள் முதுகிலை வந்து இறங்கிறது எண்டு அங்கை படுத்திருக்கிற நாய்க்கும் தெரியும்.

தெரியாதது படம் கீறினவைக்குத்தான். சந்தைக்கு முன்னாலை பள்ளமும் கிடங்குமாய்க் கிடந்த வெறுங்காணியை நிரவி, தார் போட்டு, வெள்ளைக் கோட்டாலை கட்டம் கட்டமாய் அடிச்சு, வாகனம் விடுறதுக்கு வடிவான இடம் ஒண்டு செய்திச்சினம். நல்ல வேலைதான், குறை சொல்லக்கூடாது. வாசலிலை பெரிய பலகையிலை அதின்ரை படமும் போட்டிருந்தது. கேதீஸ்வரி எம்டி நைன்ரியிலை இருந்தபடியே அந்தப் படத்தை மேலையும் கீழையும் பாத்தா. காருக்கு இடம் இருந்தது. வானுக்கு இருந்தது. ஓட்டோவுக்கு, சைக்கிளுக்கு, நடக்கிற ஆக்களுக்கு, ஏன், இன்னும் நடாத வேப்பமரத்துக்குக்கூட இருந்தது. "இஞ்சேருங்கோப்பா, இதுக்குள்ளை நாங்கள் எங்கை?" எண்டு புருசனைக் கேட்டா. செல்வரட்ணம் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுப் பாத்தார். அவருக்கும் கண்ணிலை ஆப்பிடேல்லை.

படத்துக்குப் பொறுப்பான இஞ்சினியர் சிவதர்ஷன், எங்கடை பக்கத்துப் பெடியன்தான். கேட்டதுக்கு மரியாதையாய் விளக்கம் சொன்னான். அவையின்ரை கணக்கிலை ரெண்டு மூண்டு மோட்டார் சைக்கிள் சேந்தால்தான் ஒரு காராம். மோட்டார் சைக்கிள்தானே, எங்கையும் ஒதுக்கி விடலாம் எண்டு மேலிடத்திலை தனி இடம் போடேல்லையாம். சந்தைக்குப் பின்னாலை வாய்க்காலுக்கு அங்காலை ஒரு வெளி கிடக்காம், அங்கை விடட்டாம். அங்கை இருந்து வாசலுக்கு வாறதெண்டால் மூட்டையைத் தலையிலை வைச்சு வரம்பாலை நடக்கவேணும். எம்டி நைன்ரி வாசலுக்குப் போகாட்டில் தன்ரை யாவாரம் அண்டையோடை சரி எண்டு கேதீஸ்வரிக்கு அந்த இடத்திலையே விளங்கிச்சுது. வீட்டை வந்தும் தேத்தண்ணி இறங்கேல்லை. ஒரு காரிலை மூண்டிலை ஒரு பங்குதானோ நான் எண்டு மனுசி அடுப்படிக்கும் முற்றத்துக்குமாய்க் கொதிச்சுக்கொண்டு திரிஞ்சா.

அடுத்த கிழமையே வாசலிலை பொலிஸ். போக்குவரத்துச் சார்ஜன்ட் றஞ்சித் தெற்கிலை இருந்து வந்து ஏழெட்டு வருசம், தமிழ் தண்ணி மாதிரிக் கதைப்பார். ஆளிலை வஞ்சகம் இல்லை, சட்டம் எண்டால் சட்டம். வாசலிலை நிண்ட மோட்டார் சைக்கிள் எல்லாத்துக்கும் தண்டச் சீட்டு எழுதிக் குடுத்தார். கேதீஸ்வரிக்கும் ஒண்டு. சீட்டை வாங்கின கையோடை அவ ஒரு கேள்வி கேட்டா. வெள்ளைக் கோட்டுக் கட்டத்துக்குள்ளை மோட்டார் சைக்கிளை விட்டால் எழுதுவியளோ எண்டு. றஞ்சித் தொப்பியைக் கழட்டித் தலையைச் சொறிஞ்சார். உங்களிட்டை லைசென்ஸ் இருக்கு, இன்சூரன்ஸ் இருக்கு, வரி கட்டியிருக்கு, கட்டத்துக்குள்ளை ஒழுங்காய் நிண்டால் நான் என்னத்தை எழுத எண்டார்.

கேதீஸ்வரிக்கு உச்சந்தலையிலை ஆரோ விளக்குக் கொளுத்தின மாதிரிக் கிடந்தது. அப்ப ஒரு கட்டத்துக்கு ஒரு மோட்டார் சைக்கிள். கார் மாதிரியே, நடுக்கட்டத்திலை, எடுப்பாய். கட்டம் எல்லாத்தையும் நிரப்பிப்போட்டு நிண்டால் ஆர் என்ன செய்யிறது? புது இடத்தைப் பாக்க மேலிடத்து ஆக்கள் வெள்ளிக்கிழமை வருகினமாம், அண்டைக்கே செய்யிறது. அவ வீட்டை போகேல்லை. அங்கை இருந்தபடியே எம்டி நைன்ரியைத் திருப்பி, உரும்பிராய் ஒழுங்கையள் முழுக்க ஓடி, தோட்டம் தோட்டமாய் நிப்பாட்டிச் சொன்னா. லூர்த்தம்மாவுக்குப் போனிலை சொல்ல, மனுசி மறுமுனையிலை மீன் வெட்டுறதை விட்டிட்டுச் சிரிச்ச சிரிப்பு செல்வரட்ணத்துக்கும் கேட்டுது. ஊருக்கே ஒரு புழுகம், அப்பிடி ஒரு சந்தோசம். கலியாண வீட்டுக்குச் சொல்லுற மாதிரி ஆளுக்காள் சொல்லி அனுப்பிச்சினம்.

ஒரு கரைச்சல் இருந்தது. யாவாரியளின்ரை வானுகள் வெள்ளெனவே வந்து கட்டத்தைப் பிடிச்சிடும். தோட்டக்காரர் பனி காய முன்னம் புடுங்கிக் கட்டி வர எட்டு மணியாகும். அதுக்கு வழி சொன்னவர் ஆரெண்டு நினைக்கிறியள்? செல்வரட்ணம். பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையிலை நிண்ட காலத்திலை அவர் வரிசைக்கெண்டே நேந்து விட்ட ஆள். அப்ப நாங்கள் என்ன செய்தனாங்கள்? கல்லு வைச்சம், செருப்பு வைச்சம், வெறுங்கலன் வைச்சம். வைச்சது கல்லெண்டாலும் அது ஆள்தான். அதைத் தள்ளிப்போட்டு முன்னுக்குப் போன ஒருத்தனை எங்கடை ஊரிலை காட்டுங்கோ பாப்பம். அதே மாதிரி விடிய வந்து கட்டத்துக்கு ஒரு ஹெல்மெற்றை வைச்சிட்டுப் போனால், எட்டு மணிக்கு வந்தாலும் இடம் கிடக்கும் எண்டார் செல்வரட்ணம். எல்லாருக்கும் அது பெரிய மூளையாய்த் தெரிஞ்சுது. பிழை எங்கை எண்டு ஒரு சீவனுக்கும் ஓடேல்லை பாருங்கோ.

வெள்ளிக்கிழமை கிழக்கு வெளுக்கேக்கை தோட்டக்காரர் வந்து கட்டத்துக்கு ஒண்டாய் ஹெல்மெற்றை வைச்சிட்டுத் திரும்பிப் போச்சினம். கறுப்பு, சிவப்பு, பூப்போட்டது, நாடா அறுந்து கயிறு கட்டினது எண்டு அந்தத் தார்வெளி பூசணித்தோட்டம் மாதிரிக் கிடந்தது. முன்னேற்பாடாய்த் தன்ரை சாமானையும் கட்டிக்கொண்டு வந்த கேதீஸ்வரி, எம்டி நைன்ரியை வாசலடிக் கட்டத்திலை விட்டிட்டுப் புருசனோடை காவல் இருந்தா. வானுகள் வந்திது. கண்ணாடியை இறக்கிப் பாத்திச்சினம், முணுமுணுத்திச்சினம், ஒருத்தன் ரெண்டு தரம் ஹோர்ணும் அடிச்சான். ஆனால் ஒருத்தரும் ஹெல்மெற்றைத் தொடேல்லை. வரிசையிலை நிண்டு பழகின சனம், றோட்டுக்கரையிலை ஓரங்கட்டிச்சினம். செல்வரட்ணம் நெஞ்சை நிமித்திக்கொண்டு அங்கையும் இங்கையும் நடந்தார்.

ஏழரை போலை லூர்த்தம்மா கொழும்புத்துறைப் பக்கத்தாலை வந்து சேந்தா. இறங்க முன்னமே சந்தியிலை றஞ்சித் நிக்கிறார், அவரோடை நாலைஞ்சு பொலிஸ், பெரிய ஆக்கள் வருகினமெண்டு இண்டைக்கு ஒரு ஆளையும் விடுகினமில்லை எண்டா. நிக்கட்டுமே, எங்கடை ஆக்களிட்டை என்ன குறை, லைசென்ஸ் இல்லையோ இன்சூரன்ஸ் இல்லையோ எண்டு சொல்லிக்கொண்டு திரும்பின கேதீஸ்வரியின்ரை கண் அந்தக் கட்டங்களிலை விழுந்தது. ஹெல்மெற் எல்லாம் இஞ்சை. தலையள் எல்லாம் அங்கை.

"ஐயோ லூர்த்தக்கா, சனத்தின்ரை தலை" எண்டு அவ சொன்னதும் லூர்த்தம்மா சிலுவை போட்டுக்கொண்டா.

பேந்து நடந்தது எல்லாம் ஒரே ஓட்டம். ரெண்டு மனுசியளும் ஹெல்மெற்றுகளைப் பொறுக்கிப் பொறுக்கி நாடாவிலை கயிறு கோத்து எம்டி நைன்ரியிலை கட்டிச்சினம். உரப்பையள் இறக்கினாச்சு. ஹெல்மெற்றை எடுத்தால் இடம் போயிடுமே எண்டு செல்வரட்ணம் அந்தரப்பட்டார். கேதீஸ்வரி உதைச்சு ஸ்ராட் பண்ணிக்கொண்டே, "பீற்றூட்டை வையுங்கோப்பா, கட்டத்துக்கு ஒண்டு" எண்டு சொல்லிப்போட்டுப் பறந்தா. றோட்டாலை போனால் றஞ்சித்தின்ரை கைக்குள்ளைதான் போய் விழவேணும். அவ வாய்க்கால் வரம்பாலை இறங்கி, குச்சொழுங்கையாலை விழுந்து, ஒரு வளவின்ரை மாட்டுக்கொட்டிலைச் சுத்திக்கொண்டு போனா. முன்னுக்கும் பின்னுக்கும் ஹெல்மெற் குலுங்கிக் கடகடக்குது, நாய் ரெண்டு துரத்துது. மனுசிக்குப் பயமும் இருந்தது, அதை விடக் கூடச் சந்தோசமும் இருந்தது. கால் முறிஞ்ச நாள் தொட்டு இப்பிடி ஓடேல்லை.

உரும்பிராய்ப் பக்கத்திலை பூட்டிக் கிடந்த கடையடியிலை தோட்டக்காரச் சனம் முழுக்கத் தேங்கி நிண்டுது. எதிரை வந்த பெடியள் தங்கடை தலையிலை தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டு போனவங்கள். அது எங்கடை பக்கத்து வழக்கம், முன்னுக்குப் பொலிஸ் நிக்குது, தலையைக் கவனி எண்டு அர்த்தம். கவனிக்கத் தலை இருந்தது, போட ஒண்டும் இல்லை. கேதீஸ்வரியைக் கண்ட உடனை எல்லாரும் பாஞ்சு விழுந்திச்சினம். ஆரின்ரை ஆரின்ரை எண்டு பாக்க நேரமில்லை. மீசைக்கார மனிசன் ஒருத்தர் பூப்போட்ட ஹெல்மெற்றை மாட்டினார். சின்னத் தலைக்குப் பெரிசு, பெரிய தலைக்குச் சின்னன். கடைசியாய் மிஞ்சினது பீற்றூட் விக்கிற நமசிவாயமும் பெண்சாதி பத்மாவதியும். அவை ஒரு மோட்டார் சைக்கிளிலை வாறவை, தலை ரெண்டு, வீட்டிலை இருந்த ஹெல்மெற் ஒண்டுதான், அதைத்தான் விடிய நமசிவாயம் தனிய வந்து வைச்சிட்டுப் போனது. பத்மாவதி, நான் நடந்து வாறன் எண்டு இறங்கப் பாத்தா. நடந்து வாறது எண்டால் என்னெண்டு கேதீஸ்வரிக்குத் தெரியும். தன்ரை ஹெல்மெற்றைக் கழட்டி அவவின்ரை தலையிலை கவிட்டுப்போட்டு, எல்லாரையும் போங்கோ போங்கோ எண்டு துரத்திவிட்டா.

வரிசையாய்ச் சந்தியாலை போச்சினம். றஞ்சித் ஒவ்வொரு தலையாய்ப் பாத்துக்கொண்டு நிண்டார். மீசைக்காரரின்ரை பூவைக் கண்டு அவருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சட்டத்திலை பூவுக்குத் தடை இல்லையே. சனம் தப்பிப் போகுதோ எண்டு பாக்கக் கடைசியாய்ப் பின்னாலை வந்தது கேதீஸ்வரி, வெறுந்தலையோடை, கொண்டை அவிண்டு பறக்க. றஞ்சித் கையைத் தூக்கினார். அந்தக் கணத்திலை சந்தைப் பக்கத்தாலை பத்துப் பன்ரண்டு ஹோர்ண் ஒண்டாய் அலறிச்சுது, பொலிஸ்காரர் எல்லாரும் அங்கை ஓடிச்சினம். கேதீஸ்வரியும் பின்னாலை விட்டா.

அங்கை என்ன நடந்ததெண்டால், மேலிடத்து வாகனங்கள் வந்திட்டுது, விட இடமில்லை. முதல் வந்தவன் சிவதர்ஷன். காரைக் கட்டத்துக்குள்ளை திருப்பினவன், நடுவிலை ஒரு பீற்றூட் இருக்கிறதைக் கண்ட உடனை றிவேர்ஸ் எடுத்திட்டானாம். அடுத்த கட்டத்துக்குப் போனான், அங்கையும் பீற்றூட், அங்கையும் றிவேர்ஸ். பல்கலைக்கழகத்திலை படிக்கேக்கை அவனும் பெற்றோலுக்குச் செருப்பு வைச்சு நிண்டவன்தானே. கை தன்ரை பாட்டிலை கியரை மாத்தியிருக்கு. அவனுக்குப் பின்னாலை மேலிடத்துப் பெரியவரின்ரை வாகனம், அதுக்குப் பின்னாலை வானுகள் எண்டு வரிசை சந்தி வரைக்கும் இழுத்திட்டுது. அந்த நெரிசலுக்குள்ளாலை எங்கடை சனம் மோட்டார் சைக்கிளை நெளிச்சு நெளிச்சுக் கொண்டுவந்து, பீற்றூட்டை எடுத்து மடியிலை போட்டுக்கொண்டு, கட்டத்துக்கு ஒண்டாய் நடுவிலை நிப்பாட்டிச்சினம். லூர்த்தம்மாவின்ரை ஸ்கூட்டி ஒரு வானின்ரை இடத்திலை தனிய, மகாராணி மாதிரி நிண்டுது.

பெரியவர் இறங்கி வந்து, உதுகளை எடுக்கச் சொல்லும் எண்டு றஞ்சித்திட்டைச் சொன்னார். றஞ்சித் கட்டத்தைப் பாத்தார், கோட்டைப் பாத்தார், கோட்டுக்குள்ளை நிக்கிற வாகனத்தைத் தன்னாலை எழுத ஏலாது எண்டு அடக்கமாய்ச் சொன்னார். அப்ப சிவதர்ஷன் கேதீஸ்வரியிட்டை வந்தான். பெடியனுக்கு வேர்த்து ஒழுகுது. என்னம்மா வேணும் உங்களுக்கு எண்டு கேட்டான்.

"தம்பி, எங்களுக்கு உந்த இடம் முழுக்க வேண்டாம்," எண்டா கேதீஸ்வரி. "வாசலடியிலை ஒரு மூலை தாங்கோ. எனக்கு மூட்டை தூக்கி நடக்கக் கால் இல்லை. இந்த மோட்டார் சைக்கிள்தான் என்ரை கால். உங்கடை படத்திலை வேப்பமரம் நிக்குது, நான் இல்லை."

கேதீஸ்வரி திரும்பிக் கையைக் காட்டினா. அவ்வளவுதான், சனம் முழுக்க மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து வாசலடியிலை, தோளோடை தோள் முட்ட, நெருக்கி அடுக்கிச்சினம். அத்தனையும் நாலைஞ்சு கட்டத்துக்குள்ளை அடங்கிப் போச்சுது. மிச்ச வெளி முழுக்க வெறுமையாய்க் கிடக்க, வானும் காரும் ஒண்டொண்டாய் உள்ளை வந்து நிண்டுது. சந்தி மட்டும் இழுத்த வரிசை தேத்தண்ணி ஆற முன்னம் கரைஞ்சு போச்சுது. பெரியவர் மோட்டார் சைக்கிள் அடங்கின கட்டங்களை விரலாலை எண்ணிப் பாத்தார். பிறகு, தற்காலிகமாய் விடலாம் எண்டார். எங்கடை நாட்டிலை தற்காலிகம் எண்டால் எவ்வளவு காலம் எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

காவல்காரக் கொட்டிலுக்குள்ளை மிஞ்சின வெள்ளைப் பூச்சு இருந்தது. சிவதர்ஷன் காற்சட்டையை மடிச்சு விட்டு, தானே குந்தி இருந்து கோடு இழுத்தான். செல்வரட்ணம் கயிறு பிடிச்சார். சனத்துக்கு அடக்க ஏலாத புழுகம். லூர்த்தம்மா யாவாரத்தையும் மறந்து கை தட்டினா. கேதீஸ்வரி எம்டி நைன்ரியிலை ஏறி இருந்து பாத்தா. கண்ணாலை தண்ணி வந்தது, துடைக்கவும் இல்லை.

எல்லாம் அடங்கின பிறகு றஞ்சித் புத்தகத்தோடை வந்து பக்கத்திலை நிண்டார்.

"அக்கா, ஹெல்மெற் எங்கை?"

அவ மழுப்பேல்லை. பத்மாவதியின்ரை தலையிலை எண்டா. சட்டம் சட்டம்தானே அக்கா, நான் கண்டிட்டன் எண்டு றஞ்சித் மனவருத்தத்தோடை பேனையைத் திறந்தார். சுத்தி நிண்டவை விடுங்கோ சேர் எண்டு கெஞ்சத் தொடங்கிச்சினம். கேதீஸ்வரி கையாலை அவையை மறிச்சா. முகத்திலை ஒரு சிரிப்பு வந்தது, செல்வரட்ணத்துக்கு மட்டும் விளங்கிற சிரிப்பு.

"எழுதுங்கோ சேர். ஆனால் இடம் எண்ட கோட்டிலை சரியாய் எழுதவேணும்."

சந்தி எண்டுதானே எழுதவேணும் எண்டார் றஞ்சித். சந்தியிலை நீங்கள் கைதான் காட்டினியள், நான் நிக்கேல்லை, என்னைப் பிடிச்சது இஞ்சைதானே எண்டா அவ. றஞ்சித் கீழை பாத்தார். சப்பாத்து நுனியிலை வெள்ளைப் பூச்சு இன்னும் காயாமல் ஒட்டியிருந்தது. அவர் அவவைப் பாத்தார், சிவதர்ஷனைப் பாத்தார், பிறகு குனிஞ்சு ஆறுதலாய் எழுதினார். சீட்டை வாங்கி அவ சத்தம் போட்டு வாசிச்சா.

"பனையடிச் சந்தை வாசல், மோட்டார் சைக்கிள் தரிப்பிடம்."

அந்த இடத்துக்கு அரசாங்கத்தின்ரை கடதாசியிலை விழுந்த முதல் பேர் அதுதான். பிறகு ஒருநாள் மேலிடத்திலை இருந்து, அப்பிடி ஒரு தரிப்பிடம் பதிவிலை இல்லையே, ஏன் கோடு அடிச்சது எண்டு கேட்டுக் கடிதம் வந்ததாம். சிவதர்ஷன் நேரை உரும்பிராய்க்கு வந்து, படலையடியிலை நிண்டு, அம்மா, பதிலோடை வைச்சு அனுப்ப அந்தத் தண்டச் சீட்டிலை ஒரு கொப்பி தாங்கோ எண்டு கேட்டான். கேதீஸ்வரி தண்டத்தைக் கட்டிப்போட்டு, சீட்டைக் கண்ணாடி போட்டு, சாமிப்படத்துக்குப் பக்கத்திலை ஆணி அடிச்சு மாட்டியிருந்தா. கழட்டிக் குடுக்கேக்கை, கவனம் தம்பி, திருப்பித் தரவேணும் எண்டு ரெண்டு தரம் சொன்னா.